சவேரியாள் வலைக்குள் இருந்த பிற்பகல்

புன்னைமுனையில் இக்கதையைச் சொல்வோர் எந்தத் தெருவினராயினும் பந்திலிருந்தே தொடங்குவர். கடற்கரைக்குக் கேபிள் டிவி வந்த ஆண்டில், ஊருக்குப் பின்னே செம்மணல் அலையலையாய்க் கிடக்கும் தேரிக்காட்டில், லியோன் என்னும் சிறுவன் ஓங்கி அடித்த கிரிக்கெட் பந்து வெறும் வெளியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, பலகையில் பட்டதுபோல் மோதித் திரும்பி வந்து அவன் நெற்றியிலேயே விழுந்தது என்பதில் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவன் அழுதானா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

“எதுலலே பட்டுச்சு?” என்று கேட்டாள் பந்து வீசிய ஜெசிந்தா. அவள் அவனுடைய மாமன் மகள், பதினொரு வயது.

“ஒண்ணுலயும் படல. அங்க ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுல பட்ட பந்துக்கா ஒன் நெத்தி இப்பிடிப் பொடைச்சிருக்கு?”

அவள் ஒரு பிடி மணலை அள்ளி அந்த வெளியில் எறிந்தாள். மணல் நேராக விழவில்லை. எதன்மேலோ விழுந்து, சரிந்து, வளைந்து, ஒரு சரிவின் ஓரமாக வழிந்து இறங்கியது. லியோன் சிலுவை போட்டுக்கொண்டான். ஜெசிந்தா மற்றொரு பிடியை அள்ளினாள். அன்று சாயுங்காலம் வரை இருவரும் மணலை எறிந்து எறிந்து கண்டது, தெருவொன்றின் அகலத்துக்கும் நீளத்துக்கும் ஏதோ ஒன்று அங்கே கிடக்கிறது என்பதையும், அது கண்ணுக்குத் தெரிய மறுக்கிறது என்பதையும்தான்.

இங்கே சொல்லுவோர் சற்று நிறுத்தி, போர்க்காலத்துக்குப் போவர். நாமும் போக வேண்டும்.

உலகப்போர் நடந்தபோது அந்தத் தேரியில் ஒரு விமானத்திடல் இருந்தது. விமானங்களை வானத்திலிருந்து எதிரி காணாதபடி மூடி வைக்க வலைகள் வேண்டியிருந்தன. வலை முடியும் கைகள் புன்னைமுனைப் பெண்களிடம் இருந்தன. ஓலைக் கொட்டகையில் காலை முதல் மாலை வரை அமர்ந்து, கந்தல் துணிகளைச் செம்மண் கரைசலிலும் இலைச்சாற்றிலும் தோய்த்துக் கண்ணிக்குக் கண்ணி கோத்து, அவர்கள் அவ்வலைகளை முடிந்தார்கள். வேற்றூர்ப் பெண்கள் முடிந்த வலைகள் விமானத்தை ஓரளவு மறைத்தன. புன்னைமுனை வலைகள் முழுவதுமாக மறைத்தன. விமானிகள் காலையில் கைகளை முன்னே நீட்டித் துழாவியபடி தங்கள் விமானங்களைத் தேடினார்கள். ஒருவருக்கு இறக்கையில் மோதி மூக்கு உடைந்தது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று ஊரார் இன்றும் கேட்பர்: மீனின் கண்ணுக்குத் தெரியாத வலையை முடியத் தெரிந்தவர்களுக்கு, மனிதர் கண்ணுக்குத் தெரியாத வலையை முடிவது பெரிய காரியமா?

அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு பெரிய வலையானாலும் ஒரே ஒரு கண்ணியை முடியாமல் திறந்து விடுவார்கள். அது எந்த இடம் என்பது வீட்டுக்கு வீடு வேறு. புயலில் அறுந்து வேற்றூர்க் கரையில் ஒதுங்கிய வலையைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே ‘இது எங்கள் வீட்டது’ என்று கேட்டு வாங்குவதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. கொட்டகைக் கங்காணிக்கு அது ஓட்டையாகத் தெரிந்தது. மூடச் சொல்லிக் கத்தினான். அவன் இருக்கும்வரை மூடினார்கள். முதுகைத் திருப்பியதும் அவிழ்த்தார்கள்.

அப்பெண்களில் ஒருத்தி சவேரியாள். இருபத்திரண்டு வயது. கணவன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு நாள் காலையில் கைக்குழந்தை தொம்மைக்குப் பால் கொடுத்து, பக்கத்து வீட்டில் கிடத்திவிட்டுக் கொட்டகைக்குப் போனவள் திரும்பவில்லை. சிப்பாய் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் சொன்னது. எந்தச் சிப்பாய் என்று எவரும் கேட்கவில்லை. கணவன் வந்தான், கேட்டான், மறுகப்பலில் கொழும்புக்கே போய்விட்டான். அன்றிலிருந்து மாதா திருவிழாச் சப்பரத்தின் வடத்தைச் சவேரியாள் வீட்டார் தொடக் கூடாது என்று ஊர்க் கமிட்டி விதித்தது. தொம்மை தொடவில்லை, தொம்மையின் மக்கள் தொடவில்லை. தொம்மையின் பேத்தியான ஜெசிந்தா சென்ற திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக வடத்தைப் பிடித்துவிட்டாள். கமிட்டித் தலைவர் கஸ்பார் சம்மாட்டி, தெருவே பார்க்க, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். சம்மாட்டி என்றால் வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் வள்ளத்தில்தான் பிழைப்பு. ஆகவே எவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவேதான் ஜெசிந்தா மறுநாளும் தேரிக்குப் போனாள் என்று தெற்குத் தெருவார் சொல்வர். வடக்குத் தெருவாரோ, பந்து தொலைந்துபோனது, அதைத் தேடிப் போனாள் என்பர். எப்படியாயினும், அவள் மணலை எறிவதை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தெரியாத பொருளைக் கையால் தடவத் தொடங்கினாள். கைக்கு முடிச்சு பட்டது. அதற்குப் பக்கத்தில் மற்றொரு முடிச்சு. மூலையைத் தேடிக் கண்டுபிடித்தாள். தங்கள் வீட்டு வழக்கப்படி மூலையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு விரலை நகர்த்தினாள். அங்கே ஒரு கண்ணி திறந்திருந்தது.

“லேய் லியோன், இது நம்ம வீட்டு வலைலே.”

அவள் அந்தத் திறந்த கண்ணியில் தன் கண்ணை வைத்தாள். உள்ளே வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. கீல் பூசிய பலகைகள் புதிதாய் மின்னின. அவற்றில் ஒன்றின் முன்முனையான அணியத்தில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, ஆரு நீ? கங்காணி போயிட்டானா?”

அந்தக் கேள்வியை ஊர் பிறகு பல்லாண்டுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அன்று ஜெசிந்தா சிரிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“போயிட்டான். வெள்ளைக்காரனும் போயிட்டான். நீங்க வெளிய வாங்க.”

சவேரியாளுக்கு நடந்தது இதுதான். எதிரி கரையிறங்கினால் பயன்படுத்துவானென்று அஞ்சி, ஊரின் வள்ளங்களை எல்லாம் தேரிக்கு இழுத்துப் போட்டுக் கொளுத்தும்படி உத்தரவு வந்தது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்கள். கொட்டகைப் பெண்கள் நால்வர், தாங்கள் முடிந்ததிலேயே பெரிய வலையைத் தூக்கி வந்து வள்ளங்களின்மேல் போர்த்தினார்கள். காற்றில் வலை விலகாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்ள ஒருத்தி தேவைப்பட்டாள்; அது சவேரியாளின் வீட்டு வலை, ஆகவே அவள் உள்ளே போனாள். சிப்பாய்கள் வந்தார்கள், வள்ளங்களைக் காணவில்லை, மேலதிகாரிக்குப் பயந்து பனையோலையைக் குவித்துக் கொளுத்திவிட்டு எரித்தாயிற்று என்று சொல்லிப் போனார்கள். அந்தப் புகையைப் பார்த்து ஊர் அழுதது. மற்ற மூவரும் ஆபத்து நீங்கியதும் வந்து கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு மூன்று பாடங்கள் உண்டு. அன்றே அம்மூவரையும் லாரியில் ஏற்றி வேறொரு திடலுக்குக் கொண்டுபோனார்கள் என்றும், திரும்பி வருவதற்குள் தேரியின் மணல்மேடுகள் காற்றில் இடம் மாறிவிட்டதால் இடம் தெரியவில்லை என்றும் ஒரு பாடம். உத்தரவை மீறியது தெரிந்தால் தூக்கு என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பெண்கள் மட்டும், அதுவும் ஆண்கள் இல்லாத இடத்தில் சொல்வர்: மூவரும் திரும்பி வந்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள், சிப்பாய்க் கதையே சுவையாக இருந்ததால் எவரும் கேட்கவில்லை.

வலைக்குள் சவேரியாள் காத்திருந்தாள். பசி அவளைத் தேடி வந்தது, மூப்பு தேடி வந்தது, சாவும்கூட அந்த மணலைச் சுற்றிச் சுற்றி நடந்து திரும்பியிருக்க வேண்டும். வலைக்குள் இருப்பவளை அவற்றால் காண இயலவில்லை. அவளுக்கு அது ஒரே பிற்பகல். சற்று நீளமான பிற்பகல், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அவள் மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு, “பால் கட்டி வலிக்குது பிள்ள, எம் மவன் எங்க?” என்று கேட்டாள். ஜெசிந்தா அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தொம்மை, நரைத்த மார்போடு, ஐம்பத்து நான்கு வயதில், எழுந்து நின்றார். சவேரியாள் அவருடைய இடது காதின் பின்னே இருந்த மச்சத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“சாப்பிட்டியாலே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார் தொம்மை. சாப்பிட்டிருந்தார்.

ஊர் அவளை ஏற்றுக்கொண்ட விதம் மெதுவானது, சச்சரவு மிகுந்தது. முதல் ஞாயிறு கோயிலில் அவளை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி எழுந்தது. வயதைப் பார்த்தால் குமரிப் பிள்ளைகள் வரிசை, முறையைப் பார்த்தால் கிழவிகள் வரிசை. இரு வரிசையாரும் தங்களோடு உட்காரச் சொல்லிக் கூப்பிட்டதால் அவள் நடுவே தரையில் உட்கார்ந்தாள். அவளைவிட முப்பது வயது மூத்த மருமகள் அவளை ‘அத்தை’ என்று கூப்பிடக் கூச்சப்பட்டு ‘வாங்க, போங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மாமியார் சொன்னதைக் கேட்காமலிருக்க வயதையும், மாமியாருக்குச் சமைத்துப் போடாமலிருக்க அவளுடைய இளமையையும் காரணமாகக் காட்டினாள். தெருப் பெண்கள் காய்ச்சல் விசாரிப்பதுபோல் வந்து, வலைக்குள் கொசு உண்டா, ஒதுங்க என்ன செய்தாய், கனவு வந்ததா என்று கேட்டுப் போனார்கள். கரண்ட் விளக்கு அவளை வியப்பிலாழ்த்தவில்லை. ஊரில் இன்னும் கல்யாணப் பெண்ணுக்குத் தட்டு வைப்பதில் சண்டை வருகிறது என்பதே அவளை வியப்பிலாழ்த்தியது. “இத்தன வருஷத்துல அதயாவது தீத்திருக்கப்படாதா?” என்று கேட்டாள்.

வள்ளங்களை ஊர் ஏற்றுக்கொண்டதோ உடனடியாக நடந்தது. சேதி பரவிய அன்றே ஆண்கள் தேரிக்கு ஓடினார்கள். இது என் அப்பன் வள்ளம், இது என் பாட்டன் வள்ளம் என்று அணியத்தைத் தட்டித் தட்டிச் சொல்லி, தோள் கொடுத்து, ஏலேலோ போட்டுக் கரைக்கு இழுத்து வந்தார்கள். முதல் வள்ளத்தை இழுத்தவர் கஸ்பார் சம்மாட்டி. வலையைச் சவேரியாள் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மடித்த வலை தெரியாததால், அவள் வெறும் கைகளை அகல விரித்துக்கொண்டு கனத்தால் தள்ளாடி நடந்தது தெருவுக்கு வேடிக்கையாக இருந்தது.

திருவிழா நெருங்கியது. ஜெசிந்தா கமிட்டி கூடியிருந்த கோயில் முற்றத்துக்கே போய், இந்த ஆண்டு தங்கள் வீட்டார் வடம் பிடிக்கலாமா என்று கேட்டாள். கஸ்பார் தொண்டையைச் செருமினார். சவேரியாளை வரச் சொல்லுங்கள் என்றார். அவள் வந்தாள், பின்னால் தெருப் பெண்களும் வந்து மதிலோரம் நின்றார்கள்.

“வள்ளத்தக் காப்பாத்துனிய. அதுக்கு ஊரு நன்றி சொல்லுது,” என்றார் கஸ்பார். “ஆனா ஒரு பொம்பள இத்தன காலம் ஆரு கண்ணுலயும் படாம இருந்திருக்கிய. உள்ள வேற ஆரும் இல்லன்னு ஆரு பாத்தா?”

“உள்ள பதினோரு வள்ளம் இருந்துச்சு. அதயும்தான் ஆரும் பாக்கல. இழுத்துட்டுப் போவும்போது சாட்சி கேட்டியளா?”

மதிலோரத்தில் யாரோ சிரித்தார்கள். கஸ்பார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“சண்டை போட வரல. ஒரு முறை உண்டுல்லா? பூசைக்கு அப்புறம் மைக்குல ஒத்த வார்த்த, மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லிருங்க. ஒங்க வீட்டுப் பிள்ளைய வடத்தோட வாலுல ஒரு ஓரமாப் புடிக்கட்டும்.”

“எதுக்கு மன்னிப்பு?”

“ஊரு மனசு சங்கடப்பட்டதுக்கு.”

“நீ அந்தோணிக்குட்டி மவந்தான? ஒனக்கு எத்தன தடவ மூக்குச் சிந்தி விட்டிருக்கேன்! அப்பவும் நீதான் சளிய எந் தோள்ல தேச்சிட்டு, நாந்தான் ஒன்னத் தள்ளிவிட்டேன்னு அழுவ.” இப்போது மதிலோரம் முழுவதும் சிரித்தது. சவேரியாள் சிரிக்கவில்லை. “எம் மவன் அம்பது வருஷமா வடத்துக்கு எட்ட நின்னுருக்கான். எம் பேத்தி மவ வெரல நீ பிரிச்சு எடுத்துருக்க. ஓடிப்போனவன்னு சொன்னது நீங்க. மன்னிப்ப நீங்கதான் என்கிட்ட கேக்கணும். கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு அப்புறம் பாக்கலாம்.”

கமிட்டி எழுந்தது. வடத்தைத் தொட அனுமதி இல்லை என்று தீர்மானமாயிற்று.

ஜெசிந்தா வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதாள். “நீங்க ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்லா? பொய்க்காவது சொல்லியிருக்கலாம்லா?” என்று கேட்டாள்.

“சொல்லியிருந்தா நீ வாலைப் புடிப்ப,” என்றாள் சவேரியாள். “ஒன் பேத்தியும் வாலத்தான் புடிப்பா. அழுது முடிச்சிட்டு அந்த ஊசியில நூலக் கோரு. வலையில ஆடு மேஞ்ச இடமெல்லாம் கிழிஞ்சு கெடக்கு.”

அவர்கள் வீட்டில் கிழிசல் தைக்கும் செய்தி கேட்டு முதலில் வந்தவள் மாதாவுக்குப் பூ கட்டும் பிலோமி. அடுத்து மீன் கூடைக்காரிகள் வந்தார்கள். கஸ்பாரின் மனைவி ரெஜினா, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து தைத்தாள். தெரியாத வலையைத் தைப்பதற்குக் கண் தேவையில்லை; ஆகவே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே தைத்தார்கள்.

திருவிழா மாலையில் சப்பரத்துக்கு மலர் சூட்டுவது புன்னைமுனைப் பெண்களின் பொறுப்பு; அந்நேரத்தில் ஆண்கள் கோயில் மதிலுக்கு வெளியே நிற்பது வழக்கம். சூட்டி முடித்ததாக மணி அடித்தது. ஆண்கள் சட்டையைச் சரிசெய்து, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, வடம் பிடிக்க உள்ளே வந்தார்கள். சப்பரம் நின்ற இடத்தில் சப்பரம் இல்லை. மாதா இல்லை. மலர் வாசம் இருந்தது. பெண்கள் ஒருவரும் இல்லை.

பிறகு சக்கரம் கிறீச்சிட்டது. நான்கு சக்கரங்களின் தடங்களும் முற்றத்து மணலில் தாமாகவே பதிந்து பதிந்து வாசலை நோக்கி நகர்ந்தன. அவற்றுக்கு முன்னே நூற்றுக்கணக்கான காலடிகள் பதிந்தன, பெரியவையும் சிறியவையும், வெறுங்காலும் செருப்பும், நடுவே ஒரு கைக்குழந்தையின் அழுகையும் அதை அதட்டும் குரலும். ஆண்கள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினார்கள். பங்குச்சாமியார் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, ஊர்வலம் ஊர்வலம்தான் என்று முடிவு செய்தவராய்த் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு முன்னே நடந்தார். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு எதைப் பார்த்து வாசிப்பது என்று தெரியவில்லை, வாசித்தார்கள். தெருவின் இருபுறமும் ஆண்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்று, தங்கள் முன்னே கடந்துபோகும் வெறுமைக்கு முழங்காலிட்டார்கள்.

வலைக்குள் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஜெசிந்தா வடத்தின் தலைமாட்டில், சவேரியாளுக்கு முன்னே, தேங்காய் நாரின் சுணை கையில் குத்த, இழுத்தாள். முழங்காலிட்ட ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தன் தாத்தா தொம்மையையும் பார்த்தாள். அவர் மட்டும் மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, கையை நீட்டித் துழாவி, வலையின் ஓரத்தைக் கண்டுபிடித்து, தூக்கி, குனிந்து உள்ளே வந்து வடத்தைப் பிடித்தார். எவரும் அவருடைய விரல்களைப் பிரிக்கவில்லை.

ஆண்டுதோறும் கமிட்டியார் வீடுகளின் முன்னே சப்பரம் நிற்கும், வீட்டுக்காரர் மாலையுடன் வந்து “வடம் ஆரு கையில?” என்று கேட்பார், இழுப்போர் தங்கள் வீட்டுப் பெயரைச் சொல்வர், “அந்தக் கைக்குத் தோத்திரம்” என்று அவர் சொன்ன பின்பே மாலை ஏறும், சப்பரம் நகரும். முதல் வீடு கஸ்பார் சம்மாட்டியுடையது. அவர் மாலையை ஏந்தி நின்றார். சக்கர ஓசை அவர் முன்னே வந்து நின்றது.

அவர் கேட்கவில்லை. சப்பரம் நகரவில்லை. பேண்டு ஒரு பாட்டை முடித்து, அதையே மறுபடி தொடங்கியது. கடலிலிருந்து காற்று வந்தது; மெழுகுவத்திகள் சில அணைந்தன. “கேளும் ஓய், மாதா ஒம்ம வாசல்லயா ராத்தங்குவா?” என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான்.

“வடம் ஆரு கையில?” என்று கேட்டார் கஸ்பார், மாலையைப் பார்த்துக்கொண்டே.

“சவேரியா வீட்டார் கையில!” என்று ஜெசிந்தா கத்தினாள். அவளுக்குப் பின்னால் பிலோமி, மீன் கூடைக்காரிகள், தொம்மை, ரெஜினா என்று ஒவ்வொருவரும் சவேரியா வீட்டார் கையில் என்றே சொன்னார்கள்; கஸ்பாருக்குத் தன் மனைவியின் குரல் கேட்டது என்பதை அவர் மாலையை நழுவவிட்டுப் பிடித்ததிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

“அந்தக் கைக்குத் தோத்திரம்,” என்றார்.

“கேக்கல,” என்றது வெறுமையிலிருந்து ஒரு சிறுமியின் குரல்.

“அந்தக் கைக்குத் தோத்திரம்.”

“கேக்கல.”

கஸ்பார் மாலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தார். அப்போது தெருவின் இடப்புறத்தில் யாரோ சொன்னார்கள், வலப்புறத்தில் யாரோ சொன்னார்கள், பிறகு வடக்குத் தெரு, பிறகு தெற்குத் தெரு, முழங்காலிட்டிருந்த எல்லா ஆண்களும் ஒரே குரலில், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கைக்குத் தோத்திரம் என்று சொன்னார்கள்.

“இப்பக் கேக்குது. இழுங்கட்டி,” என்றாள் சவேரியாள்.

கஸ்பாரின் கையிலிருந்த மாலை மேலே எழுந்து, மறைந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. அடுத்த வீட்டுக்காரர் சப்பரம் தம்மை வந்தடையும்வரை காத்திருக்கவில்லை. மாலையோடு தெருவுக்கே ஓடி வந்து, வடம் யார் கையில் என்று கேட்காமலேயே, பெயரைச் சொல்லித் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.